தராசுத் தட்டில் மனிதன்

தராசு என்றதும் நம் நினைவில் எழுவது கடைத்தெருதான். மதுரை நெல்பேட்டையின் பெயரே தானிய வணிகத்தை நினைவூட்டுகிறது. நிறையில் வஞ்சனை செய்யலாகாது என்பது நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குப் புகட்டப்படும் முதற்பாடங்களுள் ஒன்று. ஆயினும், அரிசியையும் பருத்தியையும் எடை போட்டு வந்த தராசு மனிதனையே எடை போடத் தொடங்கிய வரலாற்றை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது. உடல் மிகப் பருத்தவர்கள் வீட்டிலேயே ஓர் எடைக்கருவி வைத்துக்கொள்ள வேண்டிய தேவை இன்று பெருகியிருக்கிறது. ஆனால் அதன்மேல் ஏறி நிற்கப் பலருக்குக் கூச்சம்; சிலருக்கு அச்சம். அக்கருவி நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் சரிதானா? மதுரைச் சீமையின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

மருந்துக்கும் மன்னருக்கும்

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மதுரையில் சுல்தான்கள் ஆட்சி செய்த காலத்தில், உலகப் பயணி இப்னு பதூதா இந்நகருக்கு வந்தார். கொள்ளைநோய் பரவியிருந்த நேரம் அது. அவரும் காய்ச்சலில் விழுந்தார். இங்கே மிகுதியாகக் கிடைக்கும் புளியில் ஏறக்குறைய ஒரு ராத்தல் எடுத்து, நீரில் கரைத்துக் குடித்துக் குணமடைந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ராத்தல் என்று நாம் வழங்கும் சொல்லும் 'ரத்ல்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1121ஆம் ஆண்டளவில், மர்வு நகரத்து அறிஞர் அல்காஸினீ தராசின் இயல்பையும் உலோகங்களின் அடர்த்தியையும் ஆராய்ந்து 'மீஸானுல் ஹிக்மா' என்னும் பெருநூலை இயற்றியிருந்தார். பொன்னில் கலப்பு உண்டா என்று கண்டறியும் நுட்பமான தராசை அந்நூல் விளக்குகிறது. பொன்னும் மருந்தும் இவ்வாறு துல்லியமாக எடை போடப்பட்ட காலத்திலும், நோயாளியைத் தராசில் நிறுத்தும் வழக்கம் மருத்துவத்தில் வேரூன்றவில்லை.

மனிதனைத் தராசில் ஏற்றியது அரசவை. இந்திய மன்னர்களிடையே வழங்கிய துலாபாரத்தை முகலாயப் பேரரசர் அக்பர் தம் அவையிலும் மேற்கொண்டார். பொன், பாதரசம், பட்டு, நறுமணப் பொருள்கள் என்று பலவற்றுக்கு எதிராக அவர் ஆண்டுக்கு இருமுறை எடை போடப்பட்டதை அபுல் ஃபஸல் குறித்துள்ளார். அப்பொருள்கள் பின்னர் தானமாக வழங்கப்பட்டன. ஜஹாங்கீர் இவ்வாறு தட்டில் அமர்ந்ததை 1617இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ நேரில் கண்டார். ஔரங்கசீப்பின் எடை முந்திய ஆண்டைவிட இரண்டு ராத்தல் கூடியிருந்தது கண்டு பிரபுக்கள் பெருமகிழ்ச்சி கொண்டனர் என்று பிரெஞ்சுப் பயணி பெர்னியர் எழுதுகிறார். எடை கூடுவது செழிப்பின் அடையாளமாகவும் நற்செய்தியாகவும் கொள்ளப்பட்ட காலம் அது!

பஞ்சம் விட்டுச்சென்ற மனம்

இம்மனப்பான்மை அரண்மனையோடு நின்றதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் மதுரை மாவட்டமும் சிக்கியது. நிவாரணப் பணியில் உழைத்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். உழைக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அன்று தராசில் ஏறியது தானியம். அதை உண்ணும் மனிதனின் உடல் உருகியதை அத்தராசு காட்டவில்லை.

பசியைக் கண்ட தலைமுறைகள் சதைப்பிடிப்பான உடம்பைப் பாக்கியமாகக் கருதியதில் வியப்பென்ன? குழந்தை கொழுகொழுவென்றிருந்தால் திருஷ்டி கழிப்பதும், மெலிந்து வந்த மருமகனைப் பார்த்து மாமியார் வருந்துவதும் அந்த அனுபவத்தின் எச்சங்களே. ஆகவே இன்று பருத்திருப்பவரைச் சோம்பேறி என்றோ உணவுக்கு அடிமை என்றோ ஏசுவது அறியாமை. பரம்பரை, மருந்துகள், ஹார்மோன் கோளாறு, தூக்கக் குறைவு, உழைப்பு மாறிய வாழ்க்கை ஆகிய பலவும் சேர்ந்து உடம்பைப் பெருக்கச் செய்கின்றன.

கொட்டாம்பட்டியில் ஒரு தராசு

மனித உடலைத் தொடர்ந்து எடை போட்டு ஆராய்ந்த முன்னோடி, இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ. தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் தம் எடையையும் பல்லாண்டுகள் கணக்கிட்டு, 1614இல் நூலாக வெளியிட்டார். ஆனால் சாதாரண மக்களுக்கு எடை பார்ப்பது நெடுங்காலம் ஒரு வேடிக்கையாகவே இருந்தது. ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல நின்ற இயந்திரத்தில் காசு போட்டால், எடையும் சோதிடமும் அச்சிட்ட அட்டை வந்து விழும். அவ்வியந்திரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

எடை பார்ப்பதை மக்கள் நல்வாழ்வின் கருவியாக்கிய ஒரு பெருமுயற்சி நம் மதுரைச் சீமையில்தான் தொடங்கியது. உலக வங்கியின் உதவியுடன் நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதன்முதலாகச் செயற்படுத்தப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, ஓர் அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். மிக நலிந்த குழந்தைக்கு உடனே சத்துருண்டை கொடுத்தார்கள். மற்றக் குழந்தைகளிடம் அவர்கள் நோக்கியது, இம்மாத எடை எவ்வளவு என்பதை மட்டுமன்று. எடை ஏறுகிறதா, தேங்கிவிட்டதா என்பதையே. தேங்கிய குழந்தைக்குத் தொண்ணூறு நாள் உணவு. அதற்குள் அரைக் கிலோ கூடிவிட்டால் உணவு நிறுத்தப்படும். தாய்மாரே அந்தக் கோட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

இதிலே ஒரு பேருண்மை அடங்கியிருக்கிறது. ஒருநாள் எடை ஒரு புள்ளி மட்டுமே. பல நாள் எடைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் திசை தெரியும். கொட்டாம்பட்டியின் தராசு எந்தத் தாயையும் குற்றம் சாட்டவில்லை, வழி காட்டியது.

காலம் மாறிவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடை கொண்டவர்கள். அன்று குறைவைக் கண்டுபிடிக்க உதவிய தராசு, இன்று மிகையைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. கருவியின் நோக்கம் மாறியது. அதைப் பயன்படுத்தும் அறிவு மாறவில்லை.

வீட்டுக்கு ஏற்ற கருவி

கொட்டாம்பட்டியில் குழந்தைக்கேற்ற தராசு இருந்தது. பருத்த உடம்புக்கும் அதற்கேற்ற தராசு வேண்டும். சுருள்வில்லும் முள்ளும் கொண்ட பழைய வகைக் கருவிகள் பெரும்பாலும் 120, 130 கிலோவோடு நின்றுவிடும். மின்னணுக் கருவிகளில் 150, 180 கிலோ தாங்குபவை பரவலாகக் கிடைக்கின்றன. 200 கிலோவுக்கு மேல் தாங்குபவையும் உண்டு. தம் எடையைவிட இருபது முப்பது கிலோவாவது கூடுதலாகத் தாங்குவதையே வாங்குதல் நலம். எல்லையைக் கடந்தவர் ஏறும்போது கருவி எண்ணைக் காட்டாமல் பிழை என்று காட்டும். பிழை கருவியின் அளவில் இருக்கிறதேயன்றி ஏறி நின்றவரிடம் இல்லை. எத்தனையோ பேர் அந்த ஒரு சொல்லால் மனம் நொந்து, மீண்டும் எடை பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

மேற்பலகை அகலமாக, இரு பாதங்களும் நன்றாகப் பதியும்படி இருக்கவேண்டும். வயிறு மறைத்தால் காலடியிலுள்ள எண் தெரியாது. பெரிய எழுத்தில் காட்டுவதும், எண் காட்டும் பகுதி தனியே இருப்பதும், வாய்விட்டுச் சொல்வதும் அத்தகையோருக்கு உதவும். பாயிலோ விரிப்பிலோ வைக்காமல், சமமான கெட்டித் தரையில், பிடித்துக்கொள்ளச் சுவர் அருகில் இருக்கும்படி வைக்கவேண்டும். எண்ணைப் பார்க்கும்போது மட்டும் கையை எடுத்துவிட வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கருவி ஏறத்தாழச் சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் கழிவறை சென்று வந்தபின், உண்ணுமுன், ஏறக்குறைய ஒரே உடையில் எடை பார்ப்பது முறை. உப்பும் நீரும் உணவும் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். விருந்துக்கு மறுநாள் கூடியதைக் கண்டு கலங்குவதும், நோன்பு மாதத்தில் நீர் குறைந்து இறங்கியதைக் கண்டு மகிழ்வதும் வேண்டாதவை. வாரம் ஒருமுறை குறிப்பேட்டில் எழுதி, மாதக் கணக்கில் பார்க்கவேண்டும். 120 கிலோ எடையுள்ளவர் 6 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நன்மை தெரியத் தொடங்கும். ஊரார் கண்ணுக்கு அந்த ஆறு கிலோ தெரியாது, குறிப்பேட்டுக்குத் தெரியும். இதய நோயுள்ளவருக்கு இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறி, காலும் வீங்கினால், அது உடலில் நீர் கோத்ததன் அறிகுறியாகலாம். மருத்துவரிடம் உடனே செல்லவேண்டும்.

இன்னொன்றையும் நம் குடும்பங்கள் மனங்கொள்ள வேண்டும். கருவியைக் கூடத்தில் வைத்து, வந்தவர் போனவர் முன்னிலையில் ஒருவரை ஏறச் சொல்லி நகைப்பது பெரும் அநீதி. மன்னரின் எடை அவையறிய வேண்டிய செய்தியாக இருந்தது. நம் அன்னையரின், சகோதரியரின் எடை அவரவர் அறிய வேண்டியது. அவர்கள் விரும்பினால் மருத்துவரும் அறியலாம். தனியிடமும் குறிப்பேடும் கொடுத்து, கேலியின்றி விட்டுவிடுவதே நாம் செய்யக்கூடிய உதவி. தராசு நேர்மையானது. அதைச் சுற்றி நிற்கும் நாமும் நேர்மையாக இருந்தால், அதில் ஏற யாரும் அஞ்சமாட்டார்கள்.