பிறிட்ஜ்ரவுணில் பதினாறு மணித்தியாலம்

வென்றவர் யார், தோற்றவர் யார் என்று வினவுவதோடு வரலாற்றுப் பாடம் முடிந்துவிட்டதாக மாணவர் பலர் கருதுகின்றனர். கிரிக்கெற் ஆட்டத்தைப் பார்ப்போரிடத்தும் இம்மனப்பாங்கே நிலவுகின்றது. வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டம் வீணாட்டம் என்பது மைதானத்தின் ஓரத்தில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பாகும். 1958ஆம் ஆண்டு சனவரி மாதம் பாபடோஸ் தீவின் தலைநகராகிய பிறிட்ஜ்ரவுணில் நிகழ்ந்த ஆட்டத்தை அறிந்தோர் அத்தீர்ப்பை ஏற்கத் தயங்குவர்.

பாகிஸ்தான் 1952இலேயே ரெஸ்ற் ஆட்டங்களில் இடம்பெறத் தொடங்கிய நாடு. அதன் அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற முதற் பயணம் அது. அப்பயணத்தின் முதலாவது ரெஸ்ற் ஆட்டமும் அதுவே. மேற்கிந்திய அணியினர் 9 விக்கெற்றுகளை இழந்து 579 ஓட்டங்களைக் குவித்தனர். எவேர்ட்டன் வீக்ஸ் 197 ஓட்டங்களும், முதன்முறையாக ரெஸ்ற் ஆட வந்த கொன்றாட் ஹன்ற் 142 ஓட்டங்களும் பெற்றனர். எதிர்த்தாடிய பாகிஸ்தான் 106 ஓட்டங்களுள் அடங்கிற்று. 473 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில், மூன்றாம் நாள் அவ்வணி மீண்டும் துடுப்பெடுக்க நேர்ந்தது. ஆட்டமோ ஆறு நாள் ஆட்டம். மூன்று நாளுக்கு மேல் எஞ்சியிருந்தமையால் தோல்வி உறுதியென்றே எவரும் எண்ணியிருப்பர்.

அந்நிலையில் ஆரம்ப ஆட்டக்காரராக இறங்கியவர் 23 வயதினரான ஹனீப் மொகமட். குள்ளமான உருவினர். ஜுனாகத்தில் பிறந்து, பிரிவினைக்குப் பின் கராச்சியிற் குடியேறிய குடும்பத்தவர். றோய் கில்கிறிஸ்ற்றின் அதிவேகப் பந்துகளை எதிர்கொள்ள அக்காலத்தில் தலைக்கவசம் இல்லை என்பதை இன்றைய மாணவர் மறத்தலாகாது.

அன்று மாலை ஆட்டம் நின்றபோது ஹனீப் பெற்றிருந்தவை 61 ஓட்டங்கள். நான்காம் நாள் முடிவில் 161. ஐந்தாம் நாள் முடிவில் 270. அதாவது, ஒரு நாள் முழுவதும் ஆடி 100 ஓட்டம், மறுநாள் முழுவதும் ஆடி 109 ஓட்டம். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு அவ்வாட்டத்தின் இயல்பு விளங்கும். சதம் கண்ட களிப்பிலே வேகம் கூடவுமில்லை, களைப்பிலே குறையவுமில்லை. இதனை வெறும் பொறுமை என்று கூறுதல் போதாது. பொறுமை என்பது காத்திருத்தல். துடுப்பாட்டக்காரன் காத்திருப்பவன் அல்லன். ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக ஒரு முடிவு செய்பவன். அடிக்கத் தூண்டும் பந்தை விட்டுவிடுதலும் ஒரு முடிவே. முந்நூறாவது முடிவு முதலாவதைப்போலவே தெளிவாக இருத்தல் வேண்டும். அதுவே அரிது.

இது தனியொருவர் செயல் என்று எழுதுவது நம் வழக்கமாயினும் முழு உண்மை அதுவன்று. இம்தியாஸ் அகமட் 91 ஓட்டங்கள் பெற்று, முதல் விக்கெற்றுக்கு 152 ஓட்டங்கள் சேர உதவினார். அலிமுதீன், சயீட் அகமட், ஹனீபின் தமையனார் வாசிர் ஆகியோரும் துணைநின்றனர். அணித்தலைவர் கர்தார் இரவுதோறும் ஹனீபின் அறையில் ஊக்கமூட்டும் சிறு குறிப்புக்களை வைத்துச் சென்றார். வெயிலில் முகத்தின் தோல் உரிந்த நிலையிலும் ஹனீப் ஆறாம் நாள் மீண்டும் களம் புகுந்தார். டெனிஸ் அற்கின்சனின் பந்தில் விக்கெற் காப்பாளர் அலெக்சாண்டரிடம் பிடிகொடுத்தபோது அவர் பெற்றிருந்தவை 337 ஓட்டங்கள். பாகிஸ்தான் 8 விக்கெற்றுகளுக்கு 657 ஓட்டங்களுடன் நிறுத்திக்கொண்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

அவர் களத்தில் நின்ற நேரம் 970 நிமிடம் என்பது ஏட்டுக் கணக்கு. ஹனீபோ அது 999 நிமிடம் என்று பிற்காலத்திலும் சாதித்துவந்தார். ஏட்டையே நாம் கொள்ளவேண்டும். எனினும் நின்றவரின் உடம்பு வைத்திருந்த கணக்கையும் எளிதில் தள்ளிவிட மனம் வருவதில்லை. எக்கணக்கைக் கொள்ளினும் ரெஸ்ற் வரலாற்றில் அதனினும் நீண்ட தனியாட்டம் இன்றுவரை இல்லை.

அத்தொடரை 3க்கு 1 என மேற்கிந்தியரே வென்றனர் என்பதையும் மறைக்காது சொல்லவேண்டும். கிங்ஸ்ரனில் நிகழ்ந்த மூன்றாவது ஆட்டத்தில் கார்பீல்ட் சோபர்ஸ் ஆட்டமிழக்காது 365 ஓட்டங்கள் பெற்று, ஹற்றனின் 364ஐ விஞ்சினார். ஆகவே ஹனீபின் 337 மறைக்கப்படச் சில வாரங்களே சென்றன. ஆயினும் சோபர்சுக்குப் பின்னால் ஓட்டங்கள் குவிந்திருந்தன. ஹனீபுக்குப் பின்னால் 473 என்ற பள்ளமே இருந்தது.

ஒருமுனைப்பட்ட இம்மனமும் ஓராண்டின் பின் ஒருமுறை இடறிற்று. 1959 சனவரியில், கராச்சி அணிக்காகப் பகாவல்பூர் அணியை எதிர்த்து ஆடிய ஹனீப், அன்றைய ஆட்டம் முடிய இரண்டு பந்துகளே இருக்கையில் எண்பலகையை நோக்கினார். அது 496 என்று காட்டிற்று. இறுதிப் பந்தையும் தாமே ஆடி ஐந்நூறைத் தொட விரும்பி இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடி, ஆட்டமிழந்தார். ஆனால் அவர் அப்பந்துக்கு முன்பே 498 பெற்றிருந்தார், பலகையே பிழை. அவர் திரும்பி நடந்து வருகையில் அதிலிருந்த எண்ணை 499 என்று திருத்தினார்கள்.