ஓட்டல் மிச்ச சாப்பாடு: விருதுநகர், சிவகாசிக்கு எந்த மெஷின் செட் ஆகும்?

தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் ஓட்டல், 2016 திடக்கழிவு விதிகளிலேயே 'பெருமளவு கழிவு உருவாக்குபவர்' பட்டியலில் வந்துவிட்டது. மக்கும் கழிவை முடிந்தவரை தன் வளாகத்திலேயே அது உரமாகவோ கேஸாகவோ மாற்றணும். எதில் மாற்றுவது?

அரைத்து சாக்கடையில் விடும் கிரைண்டர்: இதில் உரமும் வராது, கேஸும் வராது. தண்ணீரும் நிறைய இழுக்கும். வறண்ட மாவட்டத்துக்கு ஒத்துவராது.

உரம் ஆக்கும் மெஷின்: இடம் குறைவு போதும். மரத்தூளுக்கும் கரண்டுக்கும் செலவு உண்டு. வெளியே வருவதை சில நாள் மக்க விட்டால்தான் உரம்.

பயோகேஸ் கலன்: சிலிண்டர் செலவு குறையும். ஆனால் எரியும் வாயு. பட்டாசு ஆலை வளாகத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் பரோட்டா கடைகள் கவனத்துக்கு: பழைய எண்ணெயை இதில் எதிலும் ஊற்றாதீங்க. தனியாகச் சேர்த்து, பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுங்க.

வாங்கும் முன், ஒரு வாரக் குப்பையை எடை போடுங்க. மெஷின் சைஸை அதுவே சொல்லிவிடும்.