கூச்சம் போகாத மேரி

1876 ஆகஸ்ட் 5 அன்று லிவர்பூலில் இருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய ‘எத்தியோப்பியா’ என்ற கப்பலில் மேரி ஸ்லெஸ்ஸர் இருந்தார். வயது 27. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து மில் தொழிலாளி. அப்பா செருப்புத் தைப்பவர், குடிகாரர். 11 வயதில் அரைநாள் மில், அரைநாள் பள்ளி என்று ஆரம்பித்த வாழ்க்கை. கொஞ்ச நாளில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை தறிதான். இப்போது பிரெஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரியாகக் கலபாருக்குப் போகிறார். இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலை அது.

மேரி பயந்த சுபாவம் உள்ளவர். தெருவைத் தனியாகக் கடக்கப் பயம். வயலில் மாடு நின்றால் அந்தப் பக்கமே போகமாட்டார். கூட்டத்தில் பேசச் சொன்னால், அதுவும் ஆண்கள் உட்கார்ந்திருந்தால், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை சபையில் இருந்த ஓர் ஆணை, முன்னால் இருக்கும் அம்மாவுக்குப் பின்னால் கொஞ்சம் மறைந்துகொள்ளச் சொல்லிவிட்டுத்தான் பேசினாராம்.

டண்டியின் சேரியில் அவர் வகுப்பு நடத்திய நாட்களைப் பற்றி ஒரு கதை உண்டு. ரவுடிப் பையன்கள் கும்பலாக மறித்துக்கொண்டு, கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை அவர் முகத்துக்கு நேரே சுழற்றினார்கள். குண்டு நெற்றியை உரசும் வரை மேரி அசையவில்லை. பிறகு அந்தப் பையன்களே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். பயத்தை ஜெயித்த கதையாகத்தான் இதை வழக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குண்டுக்கு முன்னால் நின்ற அதே பெண்ணுக்கு, அதற்குப் பிறகும் ஒரு சின்ன மேடையில் ஏற முடியவில்லையே! எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் ‘கம்ஃபர்ட் ஸோனை’ விட்டு வெளியே வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடலாம் என்பார்கள். மேரி வேறு ஆளாகவே இல்லை.

கலபாரில் கடற்கரைப் பக்கம் 12 வருடம் இருந்தார். எஃபிக் மொழியை அந்த ஊர்ப் பெண்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டார். இரட்டைக் குழந்தை பிறந்தால் ஒன்று பேயின் பிள்ளை என்று நம்பி, இரண்டையும் கொன்று தாயைக் காட்டுக்குத் துரத்தும் வழக்கம் அங்கே இருந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார். 1888-இல், மற்ற மிஷனரிகள் போகத் தயங்கிய ஒகோயோங் பகுதிக்குத் தனியாகக் குடிபோனார். எக்கெங்கே என்ற கிராமத்தில், எடெம் என்ற தலைவரின் வளாகத்தில் தங்க இடம் கிடைத்தது.

எடெமின் மூத்த மகன் எட்டிம். கல்யாணம் நெருங்கும் நேரம், தனக்கென்று வீடு கட்டிக்கொண்டிருந்தவன் மேல் மரக்கட்டை விழுந்தது. உடம்பு செயலிழந்து சில நாளில் இறந்துபோனான். விபத்து என்று அங்கே எதுவும் கிடையாது. யாரோ சூனியம் வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கிராமத்து ஆட்களைப் பிடித்துவந்து சங்கிலியில் கட்டினார்கள். எசெரே என்ற விஷக்கொட்டையைத் தின்னக் கொடுப்பார்கள், பிழைத்தால் நிரபராதி. (இதே கொட்டையை 1855-இல் எடின்பரோவில் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் தானே தின்று பார்த்து, சாகாமல் தப்பித்தார். பிற்பாடு அதிலிருந்துதான் கண் அழுத்தத்துக்கு மருந்து எடுத்தார்கள்.)

மேரி இரண்டு வேலை செய்தார். பையனின் உடலுக்கு நல்ல துணிகளும் தொப்பியும் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி எல்லாம் வைத்து, அந்த ஊர் அதுவரை பார்க்காத மரியாதை செய்தார். அப்பாவின் கோபம் கொஞ்சம் இறங்கட்டும் என்று. அப்புறம் கைதிகளின் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துவிட்டார். மிஷனின் தச்சர் சார்லஸ் ஓவன்ஸும் முறை மாற்றிக்கொண்டார். இரவும் பகலும் கெஞ்சல், வாக்குவாதம், சண்டை. கைதிகளை ஒவ்வொருவராக விடுவித்தார்கள். கடைசியில் எட்டிமின் கல்லறைக்குப் பலியானது ஒரு மாடு மட்டும்தான்.

இதை ஒற்றை ஆள் சாகசமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எடெமின் சகோதரி மா எமே இல்லாமல் மேரி ஒன்றும் செய்திருக்க முடியாது. எங்காவது வன்முறை நடக்கப்போவது தெரிந்தால், மருந்து வேண்டும் என்று மா எமே ஒரு காலிப் புட்டியைக் கொடுத்தனுப்புவார். புட்டி வந்தால் மேரி தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். மா எமே கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. சொந்த ஜனங்களுக்குத் தெரிந்தால் தன் கதி என்ன என்று அறிந்தேதான் அதைச் செய்தார். அவருக்குச் சிலையும் இல்லை, நோட்டில் படமும் இல்லை. மேரியின் முகம் 1997-இல் ஸ்காட்லாந்தின் 10 பவுண்டு நோட்டில் வந்தது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. 1892-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் மேரியை ஒகோயோங்கின் துணைத் தூதராக்கியது. மடியில் கைக்குழந்தையோடு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து வழக்கு விசாரிப்பார். குறுக்கே பேசும் தலைவர்களின் காதில் அறையவும் செய்வார். டண்டியில் ஒரு மேஸ்திரியை எதிர்த்துப் பேசக்கூட முடியாத பெண்ணுக்கு இங்கே அந்தத் துணிச்சல் வந்ததில், வெள்ளைத் தோலுக்கும் பின்னால் நின்ற சாம்ராஜ்யத்துக்கும் பங்கு இல்லையா? இருக்கிறது. ஆனால் 1888-இல் தனியாகப் போனபோது ஒகோயோங்கில் அந்த சாம்ராஜ்யத்தின் கை எட்டியிருக்கவில்லை என்பதும் உண்மை.

1898-இல் தான் வளர்த்த நான்கு பெண்களோடு விடுமுறையில் ஸ்காட்லாந்து போனார். அதற்குள் பெயர் பரவியிருந்தது, கூட்டத்துக்குக் கூட்டம் அழைத்தார்கள். பேசுவதற்கு முன்னால் பழையபடியே நடுக்கம்.

1913-இல் புனித யோவான் சங்கத்தின் வெள்ளிப் பதக்கத்தை அவருக்கு அணிவிக்க டியூக் டவுனில் விழா எடுத்தார்கள். அதிகாரிகள் புகழ்ந்து பேசிய நேரம் முழுக்க, 64 வயது மேரி தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் சொல்ல வேண்டிய முறை வந்தபோது கூட்டத்தில் இருந்த சிறுவர் சிறுமியர் பக்கம் திரும்பி, முதலில் அவர்களிடம் எஃபிக்கில் பேசினார்.