லேபிளும் மருந்தும்

சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு கூடுகிற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை அங்கே கூடுகிற ஜனத்துக்குக் கணக்கு இல்லை. அவர்களில் பலர் கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். அம்மைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கலாம். பெரியம்மையில் பிழைத்தவர்கள் பலர் கண்ணைக் கொடுத்துத்தான் உயிரை மீட்டார்கள்.

என் அப்பத்தா ஆடி தவறாமல் அங்கே போவாள். அதற்குக் காரணம் 1920-களில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதி. மூத்தவளான என் அத்தைக்குக் கைப்பிள்ளையிலேயே அம்மை குத்தியாயிற்று. ஆனால் ஐந்து வயதில் அவள் உடம்பெல்லாம் கொப்புளம்! "குத்தியும் ஆத்தா வந்துட்டாளே, பிறகு எதுக்குக் குத்தணும்?" என்றாள் அப்பத்தா. அடுத்த தடவை அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தபோது இளையவனைத் தானியக் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிட்டாள். மறு வருஷம் கோடையில் மறுபடியும் அம்மை வந்தது. இளையவன் போய்விட்டான். அவன் பக்கத்திலேயே படுத்திருந்த அத்தைக்கு ஒரு முத்துக்கூடப் போடவில்லை.

அப்பத்தா விவரம் இல்லாதவள் அல்ல. ஒரு பெயர் அவளை ஏமாற்றிவிட்டது. முதலில் வந்தது சின்னம்மை. பிறகு வந்தது பெரியம்மை. இரண்டையும் அக்காள் தங்கை என்று நினைத்தாள். அவை அடுத்த வீடுகூட அல்ல.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் சிவகாசிச் சீமைக்காரனுக்கு வெடியைவிட நல்ல உதாரணம் வேண்டாம். வெடிக்குள்ளே கொஞ்சம் மருந்து. அதைச் சுற்றிக் காகிதம். அதற்கு மேலே படம் போட்ட லேபிள். வைரஸும் அப்படித்தான். உள்ளே டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்கிற மருந்து, சுற்றிப் புரதக் கூடு, சிலவற்றுக்கு அதன் மேல் கொழுப்பு உறை. 2020-இல் கொரோனா வந்தபோது நாமெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவினோமே, அந்தக் கொழுப்பு உறையைக் கரைக்கத்தான். கட்டுக்குள் கிடக்கிற வெடி எத்தனை நாளானாலும் சும்மா கிடக்கும். வைரஸும் நம் உடம்பின் செல்லுக்குள் நுழைந்தால்தான் பற்றிக்கொள்ளும். அந்தச் செல்லின் சரக்கை எடுத்தே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்துகொள்ளும்.

நம் முன்னோர்கள் தோலைப் பார்த்து, அதாவது லேபிளைப் பார்த்து, பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகள் உறையைப் பிரித்து மருந்தைப் பார்த்தார்கள். 1971-இல் டேவிட் பால்டிமோர் என்ற அமெரிக்கர் உள்ளிருக்கும் மருந்தை வைத்தே வைரஸ்களைப் பிரிக்கும் முறையை வகுத்தார். இன்று அதில் ஏழு வகுப்புகள். அப்படிப் பார்த்தால் உறவுமுறையே மாறிப்போகிறது! பெரியம்மை, செங்கல் வடிவத்தில் டி.என்.ஏ. உள்ள பாக்ஸ் குடும்பம். மூவாயிரத்தை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும். வைரஸ்களில் அது பெரிய உருவங்களில் ஒன்று. சின்னம்மை ஹெர்ப்பிஸ் குடும்பம். நோய் ஆறிய பிறகும் நரம்புக்குள் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாகக் கிளம்புகிறது. குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்ட கிழவருக்குத் தெரியாது, அது தம் பால்ய கால விருந்தாளி என்று! தட்டம்மையோ ஆர்.என்.ஏ. உள்ள பாராமிக்ஸோ குடும்பம். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு ஆற்றுகிறோமே, அந்தப் பொன்னுக்கு வீங்கிதான் அதன் உண்மையான பங்காளி.

லண்டனில் வில்லியம் ஹெபர்டன் 1767-லேயே சின்னம்மை வேறு, பெரியம்மை வேறு என்று எடுத்துக்காட்டிவிட்டார். ஜென்னரின் அம்மைப்பால் 1802-இல் பம்பாய்க்கு வந்து, ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கையில் முதன்முதலாகக் குத்தப்பட்டது. பின்னாளில் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கன்றுக்குட்டியின் தோலில் அதைத் தயாரித்தார்கள். பிடித்தவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோன நோய், 1975 மே மாதத்தோடு இந்தியாவை விட்டது. 1980 மே 8 அன்று உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனால், இத்தனையும் செய்த அம்மைப்பால் சின்னம்மையைத் தடுக்காது. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால் குலுக்கைக்கு வேலை இருந்திராது.

அவளிடமும் நியாயம் இருந்தது. வாசலில் வேப்பிலை செருகி அன்னியர் வராமல் தடுத்தது நல்ல காவல். ஒருமுறை கண்டவர்க்கு அதே அம்மை மறுபடி வராது என்பதும் பெரும்பாலும் சரி. ஆனால் தட்டம்மை கண்ட பிள்ளையை, "ஆத்தா இறங்கட்டும்" என்று டாக்டரிடம் காட்டாமல் வைத்திருந்தால், அது நுரையீரலில் இறங்கும். வைட்டமின் 'ஏ' குறைந்த பிள்ளைக்குக் கண்ணையும் வாங்கும். கண்மலர் இன்றைக்கும் பழங்கதை அல்ல.

2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வந்தபோது தமிழ்நாட்டில் செல்போன் வழியே வதந்தி பரவிற்று. பயந்து பின்வாங்கிய தாய்மார்கள் உண்டு. அவர்களை நான் ஏச மாட்டேன். குலுக்கைக்குள் பிள்ளையை இறக்கிய கையும் அன்பான கைதான்.

அத்தை தொண்ணூறு வயது வரை இருந்தாள். தெருவுக்கு ஊசி போட வருகிற நர்சம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, முதலில் ஒரு செம்பு மோர் கொடுப்பாள். பிறகு அவளே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவருவாள்.