பாஸ்டனும் வியாசர்பாடியும்: ஆங்கிலேயச் சாசனங்கள் யாருக்கு உரிமை தந்தன?

எம்.கே.பி. நகர் எனப்படும் மகாகவி பாரதி நகர், வடசென்னை வியாசர்பாடியின் ஒரு பகுதி. வியாசர்பாடி ஆங்கிலேயர் கைக்கு வந்த ஆண்டு 1708. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கம், வியாசர்பாடி ஆகிய ஐந்து ஊர்களை நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். நிலத்தோடு, அந்நிலத்தில் உழைத்த மக்களும் கைமாறினர். அதே காலத்தில் அட்லாண்டிக் கடலின் மேற்குக் கரையில் மாசசூசெட்ஸ், வர்ஜீனியா முதலிய குடியேற்றங்களும் ஆங்கிலேய முடியின் கீழ் இருந்தன.

காலனிய அமெரிக்காவைப் பற்றிக் கல்லூரிப் பாடங்களில் படிக்கும் நம் மாணவர்கள், அதைத் தொலைதூர வரலாறாகவே கருதுகின்றனர். அவ்வரலாற்றின் ஒரு நுனி மதராசப்பட்டினத்துத் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தது. அதை நாம் இங்கே தொகுத்துக் காண்போம்.

ஒரே முடி, இரண்டு கரைகள்

1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். அவரையடுத்து ஆளுநரான நத்தானியேல் ஹிக்கின்சன் கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் பயின்றவர். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சியில் வழங்கப்பட்ட சாசனத்தின்படி 1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியபோது, அதன் முதல் மேயரும் இந்த ஹிக்கின்சனே.

அந்தச் சாசனம் மேயர், ஆல்டர்மேன்கள், நகர உறுப்பினர்கள் என அவையொன்றை அமைத்தது. வெள்ளையரோடு உள்ளூர்ப் பெருவணிகர் சிலருக்கும் அதில் இடம் கிடைத்தது. அந்த வணிகரின் பொதிகளைச் சுமந்தவர்களுக்கு இடமில்லை. ஆங்கிலேயன் எங்கு சென்றாலும் தன் உரிமைகளை உடன் எடுத்துச் செல்கிறான் என்பது அமெரிக்கக் குடியேறிகளின் பெருமிதம். அவன் சென்ற இடங்களிலெல்லாம் பிறருடைய உழைப்பே அவ்வுரிமைகளைத் தாங்கி நின்றது.

கறுப்பர் நகரத்தின் அன்றாடம்

கோட்டையை ஒட்டி வெள்ளையர் நகரம். அதன் வடக்கே கறுப்பர் நகரம். இன்றைய உயர்நீதிமன்ற வளாகம் பழைய கறுப்பர் நகரம் இருந்த இடமாகும். பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1749இல் நகரத்தைத் திரும்பப் பெற்றபின், மக்கள் வாழ்வு முத்தியாலுப்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை ஆகிய பகுதிகளுக்கு நகர்ந்தது. இவையே பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆயின.

நிறத்தால் இரண்டாகப் பிரிந்த நகரம், உள்ளே சாதியால் மேலும் பிரிந்தது. வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே எந்தத் தெருவில் யாருடைய ஊர்வலம் செல்லலாம் என்ற பூசல் 1652இலும் 1707இலும் பெருங்கலகமாயிற்று. கம்பெனி சாதிப் பாகுபாட்டை நீக்கவில்லை. தெருக்களைப் பங்கிட்டு அமைதி தேடியது. வழக்கமாக இருந்ததற்கு அரசின் முத்திரை கிடைத்தது. பறையர் வலங்கையிலும் சக்கிலியர் இடங்கையிலும் சேர்த்து எண்ணப்பட்டனர். கலகத்தில் அவர்களுடைய தோள்வலிமை தேவைப்பட்டது. சமரசம் பேசியவர்களோ வணிகர்களும் சாதித் தலைவர்களுமே.

சேரி மக்கள் வெள்ளையர் வீடுகளில் சமைத்தனர், குதிரை லாயங்களைப் பார்த்துக்கொண்டனர், குப்பை அகற்றினர், பொதி சுமந்தனர், பின்னர் சிப்பாய்களாயினர். கிராமத்துப் பண்ணையடிமை முறையில் கிட்டாத காசுக்கூலி நகரத்தில் கிட்டியது. இது சிறிய மாற்றமன்று. ஆயினும் வேலை தந்த நகரம், குடியிருக்கும் மண்ணின்மீது உரிமை தரவில்லை.

பஞ்சமும் அடிமைக் கப்பலும்

சாவடி நீதிமன்றம் எனப்பட்ட கம்பெனியின் கீழ்நிலை நீதிமன்றத்தில் அடிமை விற்பனை முறையாகப் பதிவு செய்யப்பட்டது. 1680களின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையைப் பஞ்சம் தாக்கியது. 1687இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் இத்துறைமுகத்திலிருந்து ஏற்றுமதி செய்யப்பட்டனர் என்பது ஆவணங்களிலிருந்து வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டும் கணக்கு. ஐரோப்பா செல்லும் கப்பல் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற ஆணையும், யேல் தலைமை வகித்த ஆட்சிமன்றத்திலேயே பிறந்தது. 1688இல் இவ்வணிகம் தடைசெய்யப்பட்டபோது, கோல்கொண்டாவை வென்றிருந்த முகலாயரின் எதிர்ப்பே அதற்கு முதன்மைக் காரணம்.

பஞ்சத்தில் முதலில் விற்கப்படுவோர் நிலமும் தானியமும் இல்லாதோர். தமிழ்க் கிராமத்தில் அவர்கள் யார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாசசூசெட்ஸின் 1641ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தொகுப்பு, தம்மைத் தாமே விற்றுக்கொள்ளும் அயலாரை அடிமையாக வைத்திருக்கலாம் என அனுமதித்தது. பசியை ஒப்புதலாகக் கொள்ளும் இந்த வாதம் இரு கரைகளுக்கும் பொதுவானது.

நம் தறி, அவர்கள் விலங்கு

ஆளுநர் ஜோசப் காலெட் 1717க்கும் 1720க்கும் இடையில் திருவொற்றியூர் அருகே நெசவாளரைக் குடியேற்றிய காலெட் பேட்டையே இன்றைய காலடிப்பேட்டை. துணியை வெளுத்தோர் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டை. இக்கரையில் நெய்யப்பட்ட கினித்துணி மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கப் பண்டமாற்றாகப் பயன்பட்டது. அப்படி வாங்கப்பட்டோர் அமெரிக்கத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

1718இல் யேல் கனெக்டிகட்டிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 நூல்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் அனுப்பினார். சரக்கு ஏறத்தாழ 562 பவுண்டுக்கு விற்றது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கோரியது.

பிறப்பே சட்டமானபோது

வர்ஜீனியாவில் 1662இல் ஒரு சட்டம் வந்தது: குழந்தை அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. 1705இல் அடிமைச் சட்டங்கள் தொகுக்கப்பட்டன. அங்கே பிறப்பை விலங்காக்கச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. இங்கே அதற்குத் தேவையே எழவில்லை. சாதி அப்பணியை ஏற்கனவே செய்து முடித்திருந்தது. கம்பெனி புதிதாக எழுதாமல், இருந்ததைப் பதிந்துகொண்டு வரி வசூலித்தது. எழுதிய சட்டத்தைச் சுட்டி ஒழிக்கலாம். ‘வழக்கம்’ என்று பெயரிட்டதை ஒழிப்பது கடினம். அமெரிக்க அடிமைமுறையையும் தமிழகச் சாதியடிமை முறையையும் ஒப்பிடும்போது நாம் நினைவில் கொள்ளவேண்டிய முதன்மை வேறுபாடு இதுவே.

விடுதலை வந்தது, நிலம் வரவில்லை

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாதென்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை விற்பனையைக் குற்றமாக்கியது. அமெரிக்காவில் 1865இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. ஜோதிராவ் புலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

விடுதலைக்குப் பின் இரு நாடுகளிலும் ஒரே கேள்வி எழுந்தது: நிற்பதற்கு நிலம் எங்கே? அமெரிக்காவில் 1865 ஜனவரியில் விடுதலை பெற்றோருக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய உடைமையாளருக்குத் திருப்பிவிட்டார். இங்கே செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனைகள் இருந்தன. இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிர்நீத்தனர்.

இன்று

வடசென்னையின் கால்வாய்க் கரைகளிலிருந்து குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்படும்போது, 1708இன் நிழல் நீள்வதை நாம் காண்கிறோம். நகரம் உழைப்பை ஏற்கிறது. உழைப்பவரின் முகவரியை ஏற்க மறுக்கிறது. யேலின் பெயரால் மன்னிப்பு கேட்கப்பட்டுவிட்டது. அவர் ஆண்ட நகரம் தன் சேரிகளுக்குத் தரவேண்டியது பட்டா. ஆங்கிலேயச் சாசனங்கள் யாருக்கு உரிமை தந்தன என்று ஆராயும் மாணவர், தம் வீட்டு மனைப் பட்டா யார் பெயரில் உள்ளது என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.