பிரெஞ்சுத் தீவில் 'மலபார்' என்னும் பெயர்

கல்லூரியில் பயிலும் இளைஞர் ஓர் அரையாண்டுப் பருவத்தை அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற் கழித்துவருவது இன்று வழக்கமாகி வருகின்றது. நம் காலனி வீடுகளிலும் அப்பேச்சு அவ்வப்போது எழுகின்றது. இலண்டனும் பாரிசும் யாவரும் அறிந்தவை. ஆயின், இந்துமாக்கடலின் நடுவே, கரும்புக் கொல்லைகளும் எரிமலையும் ஒருங்கே அமைந்த ரெயூனியன் என்னும் தீவிலும் பிரெஞ்சு மொழியிற் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. தலைநகராகிய சேன் தெனியில் அது 1982ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. அங்கு ஒரு பருவம் பயிலச் செல்லும் திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவன், தன்னைத் தமிழன் என்று சொன்ன அளவில், "அப்படியானால் நீயும் மலபார்தான்" என்று தீவினர் மறுமொழி கூறினால் வியப்புறுதல் வேண்டா. அத்தீவில் தமிழ் வழித்தோன்றல்களுக்கு வழங்கும் பெயர் அதுவே.

கேரளத்தில் வாழும் நம்மைப் பிறர் தமிழர் என்று அழைக்கின்றனர். தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்றோரையோ பிறர் மலபார்கள் என்று அழைக்கின்றனர். இவ்விந்தை எங்ஙனம் நேர்ந்தது? இவ்வினாவின் விடையில் நம் வீடுகளுக்கு உரிய பாடம் ஒன்றும் அடங்கியிருக்கின்றது.

1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர், தாம் முதலிற் கண்ட கரையின் பெயரையே பின்னர்க் கண்ட தமிழ்மக்களுக்கும் அவர்தம் மொழிக்கும் இட்டு வழங்கினர். இதற்குச் சான்று தேடி நாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. நமக்கு அண்மையிலுள்ள கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலே போதும். அண்டிரிக்கு அடிகளார் ஆக்கிய அந்நூல், இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலாகும். அதன் முகப்பில், நூலின் மொழி 'மலபார்த் தமிழ்' என்றே போர்த்துகீசிய மொழியிற் குறிக்கப்பெற்றுள்ளது. பிற்காலத்துத் தரங்கம்பாடிப் பாதிரிமாரும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் இவ்வழக்கையே பின்பற்றினர். ஆகவே, புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய தமிழரோடு அப்பெயரும் கப்பலேறிற்று.

பிரெஞ்சுக்காரருக்கும் நம் கரைக்கும் இருந்த தொடர்பினை ஒருவர் வரலாற்றாலேயே விளக்கலாம். 1725இல் வடகேரளத்து மாஹியைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய போரிற் பங்குகொண்டவர் லபூர்தொனே. அவரே 1735இல் இன்றைய மொரீசியசு, ரெயூனியன் ஆகிய இரு தீவுகளுக்கும் ஆளுநரானார். மொரீசியசின் போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தரும் தச்சரும் வரவழைக்கப்பெற்றனர். இங்ஙனம் கைத்தொழில் வல்ல தமிழர் அத்தீவுகளுக்குச் சென்றனர்.

எனினும், பெருந்திரளாகத் தமிழர் சென்றது கைத்தொழிலுக்கன்று, கரும்புக்காகவே. ரெயூனியனில் 1848ஆம் ஆண்டு திசம்பர் 20ஆம் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பெற்றது. சுமார் 62,000 பேர் விடுதலை எய்தினர். தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஏழை எளியோர் கப்பலேற்றப்பட்டனர். 1860இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்பாட்டினால் ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களிலிருந்தும் ஆள் திரட்டுதல் எளிதாயிற்று. தோட்டங்களில் இழைக்கப்பட்ட கொடுமைகள் வெளிவந்த பின்னர், 1882இல் இந்திய ஆங்கில அரசு அதனை நிறுத்திற்று. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினோர் சிலர். தீவிலேயே தங்கினோர் பலர்.

நிற்க, தங்கியோர் எவற்றைக் காத்தனர், எவற்றை இழந்தனர் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

அவர்கள் கோயிலைக் காத்தனர். கரும்பாலைகளின் அருகே மாரியம்மனுக்கும் காளிக்கும் கோயில்கள் எழுந்தன. பாஞ்சாலியைப் 'பண்டியாலே' என்று வழங்கி, விரதமிருந்து, இன்றும் தீ மிதிக்கின்றனர். தைப்பூசத்திற் காவடி எடுக்கின்றனர். நம் தெருக்கூத்து அங்கே 'தமிழ் ஆட்டம்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுப் பெயரோடு நெடுங்காலம் ஆடப்பெற்றது. உணவையும் காத்தனர். கறியும் முருங்கைக்கீரையும் அத்தீவின் எல்லா இனத்தார் அடுக்களையிலும் இடம்பெற்றன. 'ருகாய்' என்று அவர்கள் தொட்டுக்கொள்ளும் காரப் பண்டத்தின் பெயர் நம் ஊறுகாயே என்பர். இராமசாமியும் வீரபிள்ளையும் பிரெஞ்சு எழுத்திற் சிதைந்தாலும் குடும்பப் பெயர்களாய் நிலைத்தனர்.

ஆயின், மொழியை இழந்தனர். தோட்டந்தோறும் சிதறிக் கிடந்தமையாலும், பல இனத்தாரோடு கலந்து உழைத்தமையாலும், கிரியோல் என்னும் கலப்பு மொழியே பிள்ளைகளின் தாய்மொழியாயிற்று. தமிழ் கற்பிக்கப் பள்ளி இல்லை. 1946இல் தீவு பிரான்சின் மாவட்டங்களுள் ஒன்றாக்கப்பட்டபின் பிரெஞ்சுக் கல்வி முழுமையாகப் பரவிற்று. பூசாரிமார் தம் முன்னோர் பாடிய பாடல்களை உரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, பொருளறியாமலே பாடிவந்தனர். அவர்தம் பத்தியிற் குறைவில்லை. தீயின் மேல் நடப்பவரைப் பத்தி குறைந்தவர் என்று யார் சொல்ல இயலும்? பாடலின் பொருளைப் பேரனுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதே அவர்தம் துயர். கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் குருக்களையும் ஆசிரியர்களையும் வரவழைத்து, இழந்த மொழியை அவர்கள் எழுத்துக்கூட்டிக் கற்கத் தொடங்கினர்.

அண்டைத் தீவாகிய மொரீசியசின் நிலை சிறிது வேறானது. 1810இல் அதனை ஆங்கிலேயர் கைப்பற்றியபோதும், குடிகளின் மொழியும் சமயமும் வழக்கமும் அவ்வாறே விடப்பட்டன. ஆதலின் அங்கும் பிரெஞ்சும் கிரியோலுமே வழங்குகின்றன. வீட்டில் தமிழ் பேசுவோர் அங்கும் மிகச் சிலரே. ஆயினும், தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்பெறுகின்றது. 1970இல் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி நிறுவனத்தில் உயர்கல்வியாகவும் பயிலப்பெறுகின்றது. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழின் இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டதைக் கண்டு அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழவே, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1989இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடும் அத்தீவிலேயே கூடிற்று. அம்மாநாடுகளை நடத்தும் ஆராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றக் காரணரானவருள் ஒருவர், நம் நகரத்துப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியம் என்பது நாம் பெருமையுறத்தக்க செய்தி.

இவ்விரு தீவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கின் உண்மை ஒன்று புலனாகும். வழிபாடும் உணவும் பெயரும் தாமே நிலைக்கும் ஆற்றலுடையன. தாய் செய்வதைக் கண்டு மகள் செய்வாள். எழுத்து அவ்வாறு நிலைப்பதன்று. ஒருவர் அமர்ந்து கற்பித்தாலன்றி அது ஒரு தலைமுறையில் மறையும்.

இப்போது நம் வீடுகளை நோக்குவோம். மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை ஆசிரியராய் விளங்கிய நகரம் இது. வையாபுரிப் பிள்ளை பேராசிரியராய் வீற்றிருந்த நகரம் இது. கரமனையிலும் சாலையிலும் கோட்டையிலும் தமிழ் தலைமுறை தலைமுறையாய் ஒலித்துவருகின்றது. ஆயின், நம் பிள்ளைகளுட் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதுகின்றனர். பாட்டி எழுதிய கடிதத்தை மலையாள எழுத்தில் மாற்றித் தருமாறு கேட்கும் பேரனை நாம் கண்டதில்லையா? மலையாளம் நமக்குச் சோறும் உறவும் தந்த மொழி; அதனை நன்கு கற்றல் கடமையே. அதன் பக்கத்தில் தமிழ் எழுத்திற்கும் ஒரு நாழிகை ஒதுக்குதல் அரிதன்று.

நம் பிள்ளை ஒருவன் ஒரு பருவக் கல்விக்காக ரெயூனியன் செல்வதாகக் கொள்வோம். விடுமுறை நாளிற் கோயிலுக்குப் போகின்றான். அங்கே முதியவர் ஒருவர், கொள்ளுப்பாட்டனார் கப்பலிற் கொணர்ந்த பழைய தமிழ்ச் சுவடியை விரித்து, "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கின்றது?" என்று கிரியோலிற் கேட்கின்றார். நூற்றைம்பது ஆண்டுகளாக விடை கிடைக்காத கேள்வி அது. அவன் படித்துச் சொல்வானா, தலை குனிந்து நிற்பானா என்பது சேன் தெனியில் முடிவாவதன்று. இவ்வாண்டு நம் வீட்டுத் திண்ணையில், அவனுக்கு நாம் அகர முதல எழுத்தைக் கற்பிப்பதிலேயே முடிவாகின்றது.