புதுக்கப்படாத மோட்டார் வண்டி

பழம்பொருளைப் போற்றுவோர் யாவரும் ஒரே வழியிற் போற்றுவதில்லை. தேய்ந்ததை மெருகிட்டுப் புதியது போல் ஆக்குவர் சிலர். காலத்தின் சுவடுகளை அழியாது காப்பர் வேறு சிலர். இவ்விரு கொள்கைகளும் இன்று பழைய மோட்டார் வண்டிகளின் உலகிலும் எதிர்நின்று வாதிடுகின்றன. ஜேர்மனியில் உருவான மேர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ் என்னும் வண்டியைக் கொண்டு அவ்வழக்கை ஆராயலாம்.

1944ஆம் ஆண்டின் குண்டுவீச்சுகளில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகள் பெருஞ்சேதமுற்றன. ஆயினும் ஏழாண்டுகள் கழிந்து, 1951 ஒக்டோபரில், பாரிஸ் கண்காட்சியில் 300 எஸ் தோன்றியது. ஆறு உருளைகளும் மூன்று காபரேட்டர்களும் கொண்ட அதன் எஞ்சின் 150 பரிவலு தரவல்லது. விலையோ 34,500 மார்க். அக்காலத்து வோக்ஸ்வாகன் சிறு காரின் விலையைப் போல ஆறு மடங்குக்கும் அதிகம். 1955இல் வெளிவந்த 300 எஸ்.சி., எரிபொருளை நேரே உருளைகளுள் பீச்சும் முறையால் 175 பரிவலு பெற்றது. 1958இல் உற்பத்தி நின்றபோது இரு வகையிலும் சேர்ந்து 760 வண்டிகளே செய்யப்பட்டிருந்தன. அவற்றுள், கனத்த துணிக்கூரையை மடித்துவிடத்தக்க கப்ரியோலே அமைப்பிலான எஸ்.சி. வண்டிகள் 49 மாத்திரமே.

இத்தகைய அரிய வண்டி புதுக்கப்படாமல் எஞ்சியிருப்பின், அதன் பெறுமதி அழகில் மட்டும் தங்கியிருப்பதன்று. தொழிலாளர் பூசிய முதல் வர்ணம் எத்துணைத் தடிப்புடையது, இருக்கைத் தோலை எவ்வாறு தைத்தனர், மரப்பலகைக்கு எவ்வாறு மெருகேற்றினர் என்பனவற்றை அவ்வண்டியே சொல்லும். சாரதியின் கை பட்டுத் தேய்ந்த இடமும், வெயிலில் நிறம் மங்கிய பக்கமும் அதன் வாழ்க்கைக் குறிப்புகள் ஆகும். தொழிற்சாலைப் பதிவேடு முதல் வர்ணத்தின் பெயரைத் தரும். அந்த வர்ணத்தையே தரவல்லது வண்டி ஒன்றுதான். சுரண்டி எடுத்தபின் அச்சான்றை எப்பொருள் கொடுத்தும் மீட்க முடியாது.

ஆயின், காப்பது என்பது கைகட்டி நிற்பதன்று. துருப் பரவினால் தடுத்தே ஆகவேண்டும். உக்கிய டயருடனும் பழுதுற்ற பிரேக்குடனும் வீதியில் ஓடுதல் உயிராபத்து. தகடு முற்றாக அரித்துப்போன வண்டிக்குப் புதுக்குதலன்றி வேறு வழியும் இல்லாதிருக்கலாம். நினைவுச் சின்னங்களைக் காக்க 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தை அடியொற்றி, பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் தூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டதும் இதனாலேயே. அதன் சாரம், தேவைக்கு மேல் எதனையும் மாற்றற்க. மாற்றியதைப் பதிந்து வைக்க என்பதாம்.

ஏட்டுச்சுவடியின் எழுத்து மங்கிற்றென்று அதன்மேலேயே புதிதாக எழுதுவார் இலர். வேறோர் ஏட்டிற் பிரதி செய்து, மூலத்தைப் பேணுவர். வண்டிக்கு அவ்வாறு பிரதி எடுத்தல் எளிதன்று. ஆதலின், பழுதுபார்க்கும் கருவியைக் கையில் எடுப்பவன், தான் நீக்கப்போவது அழுக்கா, சான்றா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.